காணும் பொங்கல்: ஒரு குடும்ப விடுமுறை நாளின் வரலாறு

காணும் பொங்கல் என்பது தை மாதம் மூன்றாம் நாள், பொங்கல் விழாவின் நிறைவாகத் தமிழ்நாட்டில் கொண்டாடப்படும் நாள் ஆகும். முதல் நாள் கதிரவனுக்கும் இரண்டாம் நாள் மாடுகளுக்கும் உரியவை. மூன்றாம் நாள் மனிதர்களுக்கு உரியது. உற்றார் உறவினரைக் காண்பது, பெரியவர்களிடம் வாழ்த்துப் பெறுவது, குடும்பத்தோடு ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் செல்வது, கட்டிக்கொண்டு போன சோற்றைக் கூடி உண்பது ஆகியவை இந்நாளின் வழக்கங்கள். தமிழ்நாடு அரசின் விடுமுறைப் பட்டியலில் இந்நாள் ‘உழவர் திருநாள்’ என்று குறிக்கப்படுகிறது.

கோயிலோ கட்டாயமான பூசையோ இந்நாளின் நடுவில் இல்லை. வீட்டை விட்டு வெளியே வருவதுதான் இதன் சாரம். அதனால் சாதாரணக் குடும்பங்கள் தங்கள் ஓய்வை எப்படிக் கழித்தன, எந்தப் பொது இடங்கள் அவர்களுக்குத் திறந்திருந்தன, அந்த ஓய்வு யாருக்குக் கிடைத்தது என்பதையெல்லாம் இந்நாளின் வரலாற்றைக் கொண்டு அறியலாம்.

பெயரும் பொருளும்

‘காணும்’ என்ற சொல்லுக்கு உறவினரைக் காணுதல் என்றும், புதிய இடங்களைக் காணுதல் என்றும் பொருள் கொள்வர். இரண்டு பொருளும் நடைமுறையில் உண்டு. கன்னிப் பொங்கல், கணுப் பொங்கல் என்ற பெயர்களும் வழங்குகின்றன. இவற்றுள் கணு என்பது பெண்கள் உடன்பிறந்தவர்களின் நலம் வேண்டிச் செய்யும் சடங்கைக் குறிக்கும். விடியற்காலையில் மஞ்சள் இலையை விரித்து, பொங்கல் சோற்றையும் மஞ்சள், சிவப்பு நிறமூட்டிய சோற்றையும் சிறு பிடிகளாகக் காக்கைக்கு வைப்பது இதன் முறை. காக்கைக் கூட்டம் போலத் தன் பிறந்த வீட்டாரும் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது வேண்டுதல். இச்சடங்கைச் செய்யும் குடும்பங்கள் பல, பொங்கலுக்கு மறுநாளே இதை முடித்துவிடுகின்றன.

வட மாவட்டங்களில் இந்நாளைக் கரிநாள் என்றும் சொல்வர். பஞ்சாங்கத்தில் கரிநாள் என்பது புதிய காரியங்களைத் தொடங்காமல் விலக்கும் நாள். வேலை எதையும் தொடங்கக் கூடாத நாள், ஊர் சுற்றுவதற்கு ஏற்ற நாளாகிவிட்டது. முதல் இரண்டு நாளும் மரக்கறி உண்ட வீடுகளில் மூன்றாம் நாள் இறைச்சி சமைப்பதால், பேச்சுவழக்கில் கரிநாள் ‘கறிநாள்’ என்றும் ஆயிற்று.

இந்நாளின் அடியில் இருப்பது பெண்ணுக்கும் பிறந்த வீட்டுக்குமான உறவு. பொங்கலுக்கு முன்பே அண்ணன் தம்பிமார் கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், புதுத்துணி ஆகியவற்றைப் பொங்கல் சீராகக் கொண்டுபோய்த் தங்கை, அக்காள் வீட்டில் கொடுப்பர். திருமணமான முதல் ஆண்டில் இதற்குத் தலைப்பொங்கல் சீர் என்று பெயர். சீர் வந்த வழியே பெண் தன் தாய் வீட்டுக்குப் போய்வரும் வாய்ப்பாகக் காணும் பொங்கல் அமைந்தது. பெண்கள் தனியே வெளியில் செல்வதற்குத் தடைகள் மிகுந்திருந்த காலத்தில், கேள்வி கேட்காமல் அனுப்பிவைக்கப்பட்ட சில நாட்களுள் இதுவும் ஒன்று.

வட்டாரங்களில் கொண்டாட்டம்

கொங்கு நாட்டில் இந்நாளையொட்டிப் ‘பூப்பறிக்கும் நோன்பு’ நடைபெறும். சிறுமியரும் இளம்பெண்களும் கூட்டமாகச் சென்று ஆவாரம்பூ முதலிய பூக்களைப் பறிப்பர். கையில் முறுக்கு, கரும்பு போன்ற தின்பண்டங்கள் இருக்கும். பறித்த பூவோடு வழியெங்கும் கும்மியடித்துப் பாடி ஊர் திரும்புவர்.

தென்மாவட்டங்களில் தாமிரபரணிக் கரையும் அதன் தோப்புகளும், திருச்செந்தூர், மணப்பாடு போன்ற கடற்கரைகளும் குடும்பங்களால் நிறையும். நெல்லைப் பகுதியில் தை மாதத்தில் ‘சிறுவீட்டுப் பொங்கல்’ என்ற தனி வழக்கமும் உண்டு. மார்கழியில் வாசலில் வைத்த பூக்களைச் சாணத்தோடு தட்டிக் காயவைத்திருப்பர். சிறுமிகள் களிமண்ணால் கட்டிய சிறுவீட்டின் முன் பொங்கலிட்டு, அந்த எருக்களையும் பொங்கலையும் ஆற்றில் விடுவர். பெரியவர்களின் பொங்கலைச் சிறுமிகள் தமக்குரிய அளவில் செய்துபார்க்கும் விளையாட்டும் வழிபாடும் இதில் கலந்திருக்கின்றன.

மதுரை மாவட்டத்தில் பொங்கலன்று அவனியாபுரத்திலும், மாட்டுப் பொங்கலன்று பாலமேட்டிலும், காணும் பொங்கலையொட்டி அலங்காநல்லூரிலும் சல்லிக்கட்டு நடப்பது வழக்கம். சிவகங்கை மாவட்டத்தின் சிராவயலில் மஞ்சுவிரட்டு நடக்கும். விழுப்புரம், கடலூர் பகுதிகளில் கூட்டம் மேலும் இரண்டு நாள் நீளும். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை, கெடிலம் ஆற்றங்கரைகளில் ஆற்றுத் திருவிழா நடைபெறும். சுற்றூர்த் தெய்வங்கள் ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி காணும். மணலில் கடைகள் பரவும். அந்த நாளுக்கென்றே வரும் சுருளிக் கிழங்கை வாங்காமல் வீடு திரும்புவோர் குறைவு.

ஏனைய ஊர்களில் உறியடி, வழுக்குமரம் ஏறுதல், இளவட்டக்கல் தூக்குதல், கபடி, கோலப்போட்டி ஆகியவை நடைபெறும். வீட்டுக்குள்ளும் திண்ணையிலும் தாயமும் பல்லாங்குழியும் ஆடப்படும். பல்லாங்குழிக்கு வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ போதும். இத்தகைய பொழுதுபோக்கு மிகப் பழமையானது. வேப்பமரத்து நிழலில் தரையில் கட்டம் கீறி, நெல்லிக்காயை வட்டாக வைத்து விளையாடும் சிறுவர்களை நற்றிணையின் மூன்றாம் பாடல் காட்டுகிறது. கீழடி அகழாய்வில் தாயக்கட்டையும், ஓடுகளைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன. காசு செலவில்லாமல் கைக்கு எட்டியதைக் கொண்டு விளையாடியது தமிழ்க் குடும்பங்களின் நெடிய வழக்கம்.

விடுமுறை என்பது எப்படி வந்தது

உழவை நம்பிய ஊரில் ஓய்வு பருவத்தோடு வந்தது. அறுவடை முடிந்த தை மாதத்தில் களத்தில் நெல்லும் கையில் சற்று ஓய்வும் இருந்தன. ஆலை வேலைக்கும் அலுவலக வேலைக்கும் வந்தவர்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தவில்லை. ஆலைச் சங்கு பருவம் பார்த்து ஊதுவதில்லை.

சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் எழுந்தன. 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வை வகுத்தது. ஆயினும் நாள்தோறும் வேலை நேரம் மிக நீண்டிருந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1922இல் திருத்தப்பட்ட சட்டம் வாரத்துக்கு 60 மணி, நாளுக்கு 11 மணி என்று வரம்பு கட்டியது. வரம்பு கட்டிய பிறகே 11 மணி என்றால், அதற்கு முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் ம. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாள் கூட்டத்தை நடத்தினார். விடுதலைக்குப் பின் 1958ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம், தேசிய நாட்களோடு ஆண்டுக்கு ஐந்து பண்டிகை நாட்களையும் தொழிலாளியின் உரிமையாக்கியது. ஆகவே நகரத்துக் குடும்பம் காணும் பொங்கலன்று கூடி வெளியே கிளம்புவது மரபால் மட்டும் வந்த பேறன்று. வேலை நேரத்தைக் குறைக்க நடந்த நெடும் போராட்டத்தின் பயனும் அதில் அடங்கியிருக்கிறது.

சென்னையும் ‘காலேஜ்’ பார்த்தலும்

சென்னைக்கு வந்து குடியேறிய உழவர் குடும்பங்களுக்கு இங்கே ஆற்றங்கரைத் தோப்பு இல்லை. அதற்கு ஈடாகச் சில பொது இடங்களை அவர்கள் தமதாக்கிக்கொண்டனர்.

அவற்றுள் முதன்மையானது அருங்காட்சியகம். 1851இல் எட்வர்டு பால்ஃபர் பொறுப்பில், நுங்கம்பாக்கத்தில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் அது தொடங்கியது. சில ஆண்டுகளில் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. 1855இல் பால்ஃபர் அங்கேயே விலங்குகளையும் வைத்துக் காட்டினார். கூட்டம் பெருகியது. பின்னர் விலங்குகள், ஆளுநர் டிரெவெலியன் திட்டமிட்ட மக்கள் பூங்காவுக்கு (பீப்பிள்ஸ் பார்க்) மாற்றப்பட்டன. இன்றைய சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி இருந்த பூங்கா அது.

சென்னை மக்கள் இவ்விரண்டுக்கும் தாமே பெயரிட்டனர். பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருந்த அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’. உயிருள்ள விலங்குகள் இருந்த பூங்கா ‘உயிர்க் காலேஜ்’. தொடக்கத்தில் அருங்காட்சியகம் கல்லூரிக் கட்டடத்தில் இருந்ததால் ‘காலேஜ்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது எனக் கருத இடமுண்டு. பள்ளிக்கூடமே பார்க்காத பலருக்கு, ஆண்டுக்கொருமுறை பிள்ளைகளோடு போய்வந்த ‘காலேஜ்’ இதுவே. காணும் பொங்கலன்று எழும்பூரில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் கூடும் வழக்கம் இன்றும் உள்ளது.

மக்கள் பூங்காவில் டிசம்பர் இறுதியில் ஆண்டுக் கண்காட்சியும் நடந்துவந்தது. 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கண்காட்சியில் பற்றிய தீயில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைப் பாதுகாப்பது என்பது சென்னைக்கு அன்றே பெருங்கேள்வியாக எழுந்துவிட்டது.

போக்குவரத்தும் வெளியே செல்லும் வழக்கத்தை வளர்த்தது. 1895இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது, 1953இல் நின்றது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. அதற்கு முன் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வந்தவர்கள், இப்போது ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரம் கூடியது. விலங்குக் காட்சிசாலை 1985இல் வண்டலூருக்கு மாறியபோதும் கூட்டம் அதைத் தொடர்ந்து சென்றது. அங்கே சுமார் 600 ஹெக்டேர் பரப்பில் அமைந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குக் காணும் பொங்கலன்று சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன.

மெரினா

காணும் பொங்கல் என்றால் சென்னையில் பலருக்கும் மெரினா நினைவுக்கு வரும். இன்று நாம் காணும் அகன்ற மணற்பரப்பு இயற்கையாக அப்படியே அமைந்ததன்று. 1870களில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கிய பின், அதன் தெற்கே அலைகள் கொண்டுவந்த மணல் சேர்ந்து கரை அகன்றது. அதே காலத்தில் துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையை அரித்தது. தெற்கே நகரத்துக்கு மைதானம் கிடைத்தபோது வடசென்னையின் மீனவர் குப்பங்கள் நிலத்தை இழந்தன.

ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் இங்கே உலாவும் பாதையை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். மாலைக் காற்று வாங்க வந்த ஆங்கிலேயருக்கும் மேல்தட்டினருக்கும் என எண்ணி அமைக்கப்பட்ட இடம் அது. 1909இல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. 1959இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை நிறுவப்பட்டது. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் தமிழறிஞர் சிலைகள் வரிசையாக எழுந்தன. 1969இல் அண்ணாவின் நினைவிடமும் 1987க்குப் பின் எம்.ஜி.ஆர். நினைவிடமும் வந்தன. எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்து, உள்ளே அவருடைய கைக்கடிகாரம் ஓடும் ஓசை கேட்கிறதா என்று பார்ப்பது வெளியூர்க் குடும்பங்களின் வழக்கமாயிற்று.

காணும் பொங்கலன்று மணலில் துணி விரித்துக் குடும்பங்கள் அமர்ந்திருக்கும். தூக்குவாளியிலும் டிபன் கேரியரிலும் புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, வறுவல், முந்தைய நாள் மிஞ்சிய கரும்பு. விற்பனைக்குத் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, பஞ்சுமிட்டாய். பொழுதுபோக்குக்குக் குதிரைச் சவாரி, குடை ராட்டினம், பலூன் சுடுதல், கிளி ஜோசியம், சினிமா நடிகரின் அட்டைப் படத்தோடு நின்று எடுத்துக்கொள்ளும் நிழற்படம். அருகே தீவுத்திடலில் நடைபெறும் சுற்றுலாப் பொருட்காட்சியும் இக்காலத்தில் குடும்பங்களை ஈர்க்கும். அங்கே விற்கும் பெரிய டெல்லி அப்பளம் பலருக்குப் பொருட்காட்சியின் அடையாளம்.

சென்னைக் கடலில் நீரோட்டம் வலியது. குளிக்க இறங்கியவர்கள் இழுத்துச் செல்லப்பட்டு இறப்பது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. ஆகவே காணும் பொங்கலன்று கடலில் குளிப்பதற்குக் காவல்துறை தடை விதிக்கிறது. கரையோரம் கட்டைகளால் தடுப்பு அமைக்கப்படுகிறது. கண்காணிப்புக் கோபுரங்கள் எழுகின்றன. கூட்டத்தில் தொலைந்துபோகும் பிள்ளைகளைச் சேர்ப்பிக்க, பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய அட்டையைக் குழந்தையின் கையில் கட்டிவிடுகின்றனர். கடலைக் காண வந்தவர் கடலைத் தொடாமல் திரும்புகிறார் என்ற குறை உண்டு. ஆனால் ஒரு விழாநாள் ஒரு வீட்டின் துக்கநாளாக மாறாமல் காப்பது அந்தத் தடுப்புக் கட்டைகள்தாம்.

2017 சனவரியில் இக்கரை வேறொரு கூட்டத்தைக் கண்டது. சல்லிக்கட்டுக்கான தடையை எதிர்த்து அலங்காநல்லூரில் எழுந்த போராட்டத்தைத் தொடர்ந்து, பொங்கல் முடிந்த கையோடு மெரினாவில் இளைஞர்கள் திரண்டனர். நாளடைவில் பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் அங்கே வந்து சேர்ந்தன. ஆண்டுதோறும் குடும்பத்தோடு வந்து அமர்ந்த மணல் என்பதால் அங்கு வருவதற்கு அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. அதன் பிறகு மெரினாவில் போராட்டங்களுக்கு அனுமதி இல்லை. விழாக்கூட்டத்துக்கு மட்டும் இடம் உண்டு.

திரையரங்கும் வானொலியும் தொலைக்காட்சியும்

பொங்கல் விடுமுறையோடு திரைப்படம் இணைந்தது 20ஆம் நூற்றாண்டில். 1905இல் திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டினார். 1931இல் தமிழில் பேசும் படம் வந்த பின், பண்டிகை நாள் வெளியீடு ஒரு வணிக முறையாயிற்று. 1964 பொங்கலுக்குச் சிவாஜி கணேசனின் ‘கர்ணன்’, எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்காரன்’ இரண்டும் ஒரே நாளில் வந்தன. மறு ஆண்டுப் பொங்கலுக்கு ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வந்தது. பாட்டி முதல் பேரன் வரை ஒன்றாகப் போகக்கூடிய படத்துக்கு ‘குடும்பப் படம்’ என்றே பெயர் ஏற்பட்டது.

வானொலி, பொழுதுபோக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கின. 1950களில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, தமிழ்நாட்டு வீடுகள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பின. அதன் தமிழ் அறிவிப்பாளர்கள் இங்கே வீட்டாரைப் போல அறியப்பட்டனர்.

1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் தெருவே அந்த வீட்டுக் கூடத்தில் அமர்ந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கப் பிள்ளைகள் அடுத்த வீட்டு வாசலில் காத்திருந்தனர். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தபின், பண்டிகை நாளே நிகழ்ச்சி நிரலாக மாறியது. காலையில் பட்டிமன்றம், பிறகு நடிகர் பேட்டி, மாலையில் புதுப்படம். 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் ஏழை வீடுகளிலும் பெட்டி வந்தது. அடுத்த வீட்டு வாசலில் நிற்க வேண்டிய கூச்சம் பிள்ளைகளுக்கு நீங்கியது. அடுத்த வீட்டுக்குப் போகும் காரணமும் அதனோடு ஒன்று குறைந்தது.

பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும் வீடுகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தாலும், காணும் பொங்கல் பெருமளவு தப்பித்தது. வெளியே போவதே அதன் சடங்கு என்பதால் பெட்டியால் அதற்கு ஈடு செய்ய முடியவில்லை.

யாருக்கு ஓய்வு

குடும்ப விடுமுறையைப் பற்றிப் பேசும்போது விடுபட்டுப்போகும் செய்தி ஒன்று உண்டு. கட்டுச்சோறு தானாகக் கட்டிக்கொள்வதில்லை. போகிக்கு வீடு மெழுகியதும், பொங்கலுக்கு வாசல் நிறையக் கோலமிட்டதும், இரண்டு நாளும் விருந்தினருக்குச் சமைத்ததும் பெண்கள். மூன்றாம் நாள் விடியலுக்கு முன் எழுந்து இருபது பேருக்குச் சோறு கட்டுவதும் அவர்களே. ஆயினும் மணலில் துணியை விரித்துப் பாத்திரத்தைத் திறந்து வைத்தபின் அவர்களுக்கு வேலை இல்லை. அடுப்பு வீட்டில் இருந்தது. முதிய பெண்கள் இந்நாளை விருப்பத்தோடு நினைவுகூர்வதற்கு, தாய் வீட்டாரைக் காண்பதோடு, அடுப்பைக் காணாமல் இருந்த அந்த மாலையும் ஒரு காரணம்.

கூட்டத்துக்குச் சுண்டல் விற்பவர், சிறப்புப் பேருந்தை ஓட்டுபவர், காவலர், உயிர்காக்கும் பணியில் நிற்கும் மீனவ இளைஞர் ஆகியோருக்கு அன்று விடுமுறை இல்லை. அன்றிரவே குப்பையை அள்ளத் தொடங்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் இல்லை. ஒருவரது ஓய்வைப் பிறரது உழைப்பு தாங்கி நிற்கிறது. உண்ட இடத்தைத் தூய்மையாக விட்டு வருவது அந்த உழைப்பாளிக்குச் செய்யக்கூடிய சிறிய மரியாதை.

இன்றைய நிலை

2021, 2022ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் காணும் பொங்கலன்று மெரினாவில் மக்கள் அனுமதிக்கப்படவில்லை. பின்னர்க் கட்டுப்பாடு நீங்கியதும் கூட்டம் பழையபடி திரும்பியது. வணிக வளாகங்களும் கேளிக்கைப் பூங்காக்களும் பெருகிவிட்டன. ஆனால் நுழைவுச்சீட்டு, வண்டி நிறுத்தக் கட்டணம், உணவு என்று கணக்கிட்டால் கூட்டுக் குடும்பம் ஒன்றாகப் போக இயலாத இடங்கள் அவை. வீட்டுச் சோற்றை உள்ளே எடுத்துச் செல்லவும் அவற்றுள் பலவற்றில் அனுமதி இல்லை.

கட்டணமில்லாத கடற்கரையும் ஆற்றங்கரையும், சிறு கட்டணத்தில் அருங்காட்சியகமும் உயிரியல் பூங்காவும் இருக்கும் வரையில், கூலிவேலை செய்பவரும் தம் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் வெளியே வரலாம். ஆற்றங்கரைகள் ஆக்கிரமிக்கப்படுவதும் நீர் வற்றிக் கழிவுநீர் ஓடுவதும், இந்த விழாவுக்கான இடத்தையே குறைக்கின்றன. காணும் பொங்கலைக் காப்பது என்பது உறவைப் பேணுவதோடு, உறவோடு போய் அமர்வதற்கு ஊரில் ஓர் இடம் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் ஆகும்.